யானை தெரியவில்லை என்றால் யானை இல்லையா?

கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிற ஆளுக்கு வெப்பக் கமராவோட என்ன வேலை எண்டு கூடப் படிக்கிறவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு விஞ்ஞானம் சாதாரண தரத்தோட முடிஞ்சுபோன பாடம். ஆனால் எங்கட குடும்பத்துக்குப் படுவான்கரையில மூன்று ஏக்கர் வயல் இருக்கு. அந்த வட்டைக்கு ஒவ்வொரு மாரியிலும் யானை வரும். நான் இந்தக் கமராக்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினது படிப்பால இல்லை, வயலால.

இலங்கையில் சமீப வருடங்களில் ஒவ்வொரு வருடமும் யானையால் 100க்கு மேற்பட்ட மனிதர்கள் சாகிறார்கள். 300க்கு மேற்பட்ட யானைகளும் சாகின்றன. செய்தியில் இது ஒரு எண்ணிக்கை. எங்கட பக்கத்து வட்டையில் அது ஒரு ஆள். இரவு காவலுக்குப் போனவர், வரம்பில நடந்து வரும்போது ரோச் வெளிச்சத்துக்கு வெளியே நின்ற யானையைக் காணவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யானை பெரிய மிருகம், அதை எப்படிக் காணாமல் விடுவது எண்டு நகரத்தில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். மழை இருட்டில் பத்து முழத்தில் நிற்கிற யானையும் ஒரு பற்றைதான்.

அதற்குப் பிறகுதான் எங்கட விவசாய அமைப்பில் 'இருட்டில சூடு பாக்கிற கமரா' பற்றிக் கதை வந்தது. எல்லாரும் காசு போட்டு ஒன்று வாங்கலாமா? விலை பல லட்சம். அந்த நேரம் பார்த்து ஒரு ஆய்வுக்குழு இரண்டு கமராக்களோட எங்கட பக்கம் வந்தது. அவர்களுக்கு இடம் காட்டவும் குறிப்பு எழுதவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. தம்பியும் கூட வருவான் எண்ட நிபந்தனையில் அம்மா என்னை விட்டார். ஜனவரி மாதம், கதிர் தள்ளுகிற நேரம், பதினொரு இரவுகள் காவல் வாடியில் இருந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புக் கொப்பியில் இருந்து எழுதுவது.

முதலில் இந்தக் கமரா என்ன செய்யுது எண்டு சொல்ல வேண்டும். வெளிச்சமே இல்லாவிட்டாலும் எல்லாப் பொருட்களும் ஏதோ ஒரு கதிர்ப்பை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீங்கள், நான், வரம்பு, தண்ணி, யானை எல்லாம்தான். 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிற ஒரு பொருள் விடுகிற கதிர்ப்பு அதிகமாக இருப்பது கிட்டத்தட்ட 10 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில். எங்கட கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரோமீற்றர் வரைக்கும்தான். அதனால் அது எங்களுக்குத் தெரியாது. இந்தக் கமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான பகுதியைப் பார்க்கின்றன.

உள்ளே இருப்பது மைக்ரோபோலோமீற்றர் எண்ட உணரி. ஒவ்வொரு பிக்சலும் மெல்லிய கால்களில் தூக்கி வைக்கப்பட்ட ஒரு சின்னத் தகடு. அதில் வனேடியம் ஒட்சைட்டு அல்லது ஒருவகைச் சிலிக்கன் படலம் இருக்கும். வெளியிலிருந்து வருகிற கதிர்ப்புப் பட்டுத் தகடு கொஞ்சம் சூடாகும், சூடானால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் கமரா அளக்கிறது. ஒரு தகட்டின் அகலம் 12 அல்லது 17 மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. வெளியே ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் தகட்டில் ஏற்படுவது அதைவிடப் பல மடங்கு சின்ன வித்தியாசம். இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்தக் கமரா சில நேரம் பிழைவிடுவதில் இல்லை. இது வேலை செய்வதில்தான்.

அவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்கும்போது, மாற்றமே இல்லாவிட்டாலும் அளவு கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும். மின்தடைக்குள் இலத்திரன்கள் சும்மா ஆடுவதால் வருவது ஒரு ஆட்டம். வாசிக்கிற சுற்றிலிருந்து வருவது இன்னொன்று. இதை 'இரைச்சல்' எண்டு சொல்கிறார்கள். படத்தில் அது எறும்பு ஊர்வது போலத் தெரியும். இதைவிட நிலையான இரைச்சல் ஒன்றும் இருக்கு. எல்லாப் பிக்சலும் ஒரே மாதிரி இல்லாததால் படத்தின் மேல் கோடுகளும் புள்ளிகளும் அசையாமல் படிந்து நிற்கும், அழுக்குப் பிடிச்ச கண்ணாடி யன்னலுக்கால பார்க்கிற மாதிரி. அதைத் துடைக்கத்தான் கமரா இடைக்கிடை 'டிக்' எண்டு ஒரு மூடியை முன்னால் இறக்கி, எல்லாப் பிக்சலையும் ஒரே சூட்டைப் பார்க்க வைத்து, திரும்பச் சமப்படுத்திக்கொள்கிறது. அந்த நேரம் படம் ஒரு கணம் உறைஞ்சு நிற்கும். தம்பி ஒவ்வொரு முறையும் "கமரா கண் சிமிட்டிட்டுது" எண்டு சொல்லுவான்.

விற்கிறவர்கள் ஒரு இலக்கம் சொல்லுவார்கள். அதன் பெயர் என்.ஈ.ரி.டி. எவ்வளவு சின்ன வெப்பநிலை வித்தியாசம் கமராவின் சொந்த இரைச்சலுக்குச் சமமாக இருக்கும் எண்டதுதான் அந்த இலக்கம். எங்களிடம் இருந்த பழைய கமராவுக்கு 50 மில்லிகெல்வின், அதாவது 0.05 பாகை. புதியதுக்கு 25 மில்லிகெல்வின். இலக்கம் சின்னதாக இருந்தால் நல்லது. இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான், 384க்கு 288. அப்படியானால் புதியது இரண்டு மடங்கு நல்லதா? கொப்பியில் நான் எழுதி வைத்த முதல் கேள்வி அதுதான்.

முதல் நாலு இரவுகளும் வானம் வெளிச்சிருந்தது. அந்த இரவுகளில் இரண்டு கமராவுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. மேகம் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் குளிராது. வைக்கோல் கெதியாகக் குளிரும், தண்ணி நிற்கிற வயல் மெல்லக் குளிரும், மரத்தின் அடி சூடாகவே இருக்கும். மேலே வானம் கமராவுக்குக் கறுப்பாக, கடும் குளிராகத் தெரியும். படம் முழுக்க வித்தியாசங்கள். வரம்பில ஓடுகிற எலி கூட வெள்ளைப் புள்ளியாகத் தெரிஞ்சுது. வட்டவிதானைப் பெரியப்பா இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதானே மகள், என்னத்துக்கு ஒண்டுக்குக் கூடக் காசு?" எண்டு கேட்டார். அந்த இரவில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஐந்தாம் இரவு மழை தொடங்கியது. எல்லாம் மாறியது.

மழை எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவரும். இலை, மண், வைக்கோல், வரம்பு எல்லாம் நனைஞ்சு கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். வானத்தை மூடிய மேகமும் குளிராகத் தெரியாது, அது ஒரு போர்வை மாதிரி கீழே கதிர்ப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். காற்றிலிருக்கிற ஈரம் தூரத்துப் பொருளிலிருந்து வருகிற கதிர்ப்பில் ஒரு பங்கை உறிஞ்சி, தன் சொந்தக் கதிர்ப்பை அதில் கலந்துவிடும். மழைத்துளிகளும் அதையே செய்யும். யானையும் நனைஞ்சிருக்கும், சேறும் பூசியிருக்கும். யானையின் காதில் இரத்தக் குழாய்கள் நிறைய, உடம்பின் சூட்டை வெளியே விடுகிற இடம் அது, அதனால் காது மட்டும் கொஞ்சம் பிரகாசமாகத் தெரியலாம். மற்ற உடம்பு நிலத்தோட நிலமாகப் போய்விடும். வெயில் ஏறுகிற காலையிலும் இறங்குகிற மாலையிலும் இதே மாதிரி ஒரு நேரம் இருக்கு. கெதியாகச் சூடாகிறதும் மெல்லச் சூடாகிறதும் ஒன்றை ஒன்று கடந்து போகும்போது கொஞ்ச நேரத்துக்கு இரண்டும் ஒரே அளவாகி, ஒன்றுக்குள் ஒன்று மறைஞ்சுபோகும்.

அந்த இரவில் இரண்டு கமராவிலும் எறும்பு ஊரத் தொடங்கிவிட்டது. பழையதில் மிக மோசம். பெரியப்பா பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இது மழையப் படம் பிடிக்குதா?" எண்டார்.

ஏன் வெளிச்ச இரவில் இல்லாத இரைச்சல் மழை இரவில் வருகிறது? இரைச்சல் கூடவில்லை, அது எப்போதும் இருந்த அளவுதான். மாறியது கமரா படத்தை விரிக்கிற விதம். குழுவில் இருந்த அண்ணா ஒருவர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள் இருக்கு. காட்சியில் இருக்கிற சூட்டு வித்தியாசம் முழுவதையும் கமரா அந்த 256க்குள் பரப்பும். வெளிச்ச இரவில் காட்சி முழுக்க 20 பாகை வித்தியாசம் எண்டு வைப்பம். ஒரு படி கிட்டத்தட்ட 0.08 பாகை. 0.05 பாகை இரைச்சல் ஒரு படியைக்கூடத் தாண்டாது, கண்ணுக்குத் தெரியாது. மழை இரவில் காட்சி முழுக்க 1 பாகைதான் எண்டு வைப்பம். இப்ப ஒரு படி 0.004 பாகை. அதே 0.05 பாகை இரைச்சல் 13 படிகள் துள்ளும். 25 மில்லிகெல்வின் கமராவில் அது ஆறோ ஏழோ படி. கூடுதலாகக் கொடுத்த காசு வேலை செய்கிற இடம் இதுதான். வெளிச்ச இரவில் அது சும்மா கிடக்கும்.

ஒரு கமராவை வாங்கப் போகிறவர் நல்ல இரவில், அல்லது கடைக்குள் விற்கிறவரின் முகத்தைப் பார்த்துத் தெரிவுசெய்தால் ஒன்றும் தெரியாது. முகம் எல்லாக் கமராவிலும் அழகாகத்தான் இருக்கும்.

பிறகு வந்த இரவுகளில் நாங்கள் இரண்டையும் நியாயமாக ஒப்பிட முயற்சி செய்தோம். அதில் நான் படித்தவை சில.

முதலாவது, அந்த 25, 50 எண்ட இலக்கங்கள் எந்த வில்லையோட, எந்தச் சூட்டில் அளந்தவை எண்டு கேட்க வேண்டும். வழமையாக எஃப் எண் 1.0 உள்ள வில்லையோட அளப்பார்கள். வில்லை 1.4 ஆக இருந்தால் உள்ளே வருகிற கதிர்ப்பு பாதியாகிவிடும், 25 மில்லிகெல்வின் ஏறக்குறைய 50 ஆகிவிடும். பெட்டியில் எழுதியிருப்பது உணரியின் இலக்கம், கையில் இருப்பது முழுக் கமரா.

இரண்டாவது, திரைப்படம் எடுத்து வைத்து ஒப்பிடுவது அநியாயம். ஓடுகிற படத்தைப் பார்க்கும்போது எங்கட கண்ணே பல சட்டகங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொள்ளும். இரைச்சல் ஒவ்வொரு சட்டகத்திலும் வேறு வேறு மாதிரித் துள்ளும், யானை துள்ளாது. அதனால் நேரில் தெரிஞ்ச யானை, நிறுத்தி எடுத்த ஒற்றைப் படத்தில் காணாமல் போயிருந்தது. பதிவுசெய்த வீடியோ அதைவிட மோசம். கோப்பைச் சுருக்கும்போது இரைச்சலும் சின்ன வித்தியாசங்களும் கட்டம் கட்டமாகக் கலங்கிவிடும்.

மூன்றாவது, கமராவுக்குள்ளேயே இரைச்சல் குறைக்கிற வசதி இருக்கு. நாலு சட்டகத்தைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும், பதினாறு எடுத்தால் காற்பங்காகும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் அசைகிற பொருள் அந்தப் பதினாறுக்குள் இழுபட்டுக் கலங்கிப்போகும். யானை காதை ஆட்டும். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் தூரத்தில் நிற்பது யானையா பற்றையா எண்டு பெரியப்பா பிரிச்சுச் சொல்லுவார். வசதியைக் கூட்டி வைத்தால் படம் வழுவழுப்பாக வரும், காது போய்விடும்.

கருவி ஒன்றும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கு. வாடிச் சுவரில் கையை ஐந்து வினாடி அழுத்தி எடுக்க வேண்டும். கை போன பிறகும் கையின் சூடு சுவரில் நிற்கும், மெல்ல மெல்ல மறையும். எந்தக் கமராவில் அந்தக் கை கூடநேரம் தெரிகிறதோ அது சின்ன வித்தியாசத்தை நல்லாப் பார்க்கிறது. ஐந்து தரம் செய்தோம், ஐந்து தரமும் புதியதுதான் வென்றது. இன்னொரு விசயம், மழைக்கு மறைப்பாகக் கண்ணாடியைப் பிடித்தால் கமராவுக்குச் சுவர்தான், இந்தக் கதிர்ப்பு கண்ணாடிக்கால வராது. மெல்லிய லஞ்ச் ஷீற் பிடித்தால் ஓரளவுக்கு வரும். ஆனால் அதில் துளி விழுந்தால் அந்தத் துளிதான் தெரியும்.

ஒன்பதாம் இரவைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். விடியப்புறம் இரண்டரை இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி புதிய கமராவை வைத்திருந்தான், நான் பழையதை. அவன் "கிளியர்" எண்டு சொன்னான். எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே அழகான படம். இரைச்சலே இல்லை. ஒரு பக்கம் அடுத்த வாடியில் எரிகிற நெருப்பு வெள்ளையாக, மற்றதெல்லாம் ஒரே கறுப்பாக, அமைதியாக. என்னுடையதில் எறும்புக் கூட்டம்.

பெரியப்பா படத்தைப் பார்க்கவில்லை. அவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்குள்ள கால் வைக்குது" எண்டார், மிக மெதுவாக.

நான் திரையில் அந்தத் திசையை மெல்ல நகர்த்தினேன். எறும்புகளுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் வெளிறி, அசையாமல் நின்றது. பிறகு அதன் மேற்பகுதி விரிஞ்சு சுருங்கியது. காது. தம்பியிடம் கமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். நெருப்பு படத்தை விட்டு வெளியே போனதும் அவன் திரையிலும் இரைச்சல் பாய்ந்து வந்தது. இரைச்சலோட சேர்ந்து யானையும் வந்தது. என்னுடையதை விட நல்ல தெளிவாக, தும்பிக்கையும் தெரியும்படி. தனி அலியன்.

நெருப்பு படத்துக்குள் இருக்கும்வரை கமரா தன்னிடம் இருக்கிற படிகளை நெருப்பிலிருந்து நிலம் வரைக்கும் நீட்டி வைத்திருந்தது. 40 பாகையை 256ஆகப் பிரித்தால் ஒரு படி 0.16 பாகை. மழைக்கால வந்து சேர்ந்த யானைக்கும் நிலத்துக்கும் இடையில் அரைப் பாகைதான் வித்தியாசம் எண்டு வைத்தால், யானைக்குக் கிடைப்பது மூன்று படி. எந்தக் கண்ணும் அதைப் பிரிக்காது. இரைச்சலை அழித்த அதே காரணம்தான் யானையையும் அழித்தது. அந்த நேரம் தம்பி 'கிளியர்' எண்டதை நம்பி யாராவது வரம்பில இறங்கியிருக்கலாம். இரவு காவலில் அப்படித்தான் நடக்கும், ஆள் பார்த்துச் சொன்னால் மற்ற ஆள் இறங்குவார்.

இரண்டு யானை வெடி போட்டார்கள். அது அவசரப்படாமல் திரும்பிப் போனது. காலையில் கால் தடத்திலிருந்து வாடிவரைக்கும் எட்டிப் பார்த்தோம், 120 மீற்றர் வரும்.

எங்கட பாடத்தில் வயல் ஆய்வு எண்டால் தரவை 'சுத்தம் செய்' எண்டு சொல்லித் தருவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் இப்ப ஒரு சந்தேகம் இருக்கு. எறும்பு ஊர்கிற படம், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" எண்டு சொல்கிற படம். அதைப் பார்க்கிறவர் கவனமாக இருப்பார். வழுவழுப்பான கறுப்புப் படம் "ஒன்றும் இல்லை" எண்டு சொல்கிறது. அது ஒன்றும் இல்லாததாலும் இருக்கலாம், கமராவுக்குத் தெரியாததாலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே படம்தான்.

பெப்ரவரியில் விவசாய அமைப்பின் கூட்டத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கமரா வேண்டாம் எண்டு நான் எழுதவில்லை. மழை இல்லாத இரவுகளில் மலிவானதே போதும். ஆனால் யானை கதிருக்கு வருகிற காலம் மாரி, அதனால் வாங்குவதானால் மழை இரவில் கையில் தந்து காட்டச் சொல்லுங்கள், இரைச்சல் குறைக்கிற வசதியை நிறுத்தி வைத்துப் பாருங்கள், வாடி நெருப்பு படத்துக்குள் வராமல் பாருங்கள் எண்டு எழுதினேன். கடைசி வரி பெரியப்பாவோட கதைத்து எழுதினது. தூரத்து வரம்பில ஒரு நீலப் பரலில் தண்ணி நிரப்பி வைக்க வேண்டும். பகல் முழுக்க வாங்கின சூட்டைத் தண்ணி இரவில் மெல்லத்தான் விடும், அதனால் அது சுற்றியிருக்கிற நிலத்தை விட ஒன்றிரண்டு பாகை கூடவே இருக்கும். காவலுக்கு இருக்கிறவர் முதலில் பரலைத் தேட வேண்டும். பரல் தெரிஞ்சால் கமராவை நம்பலாம். பரல் தெரியாவிட்டால் கமரா குருடு, அந்த இரவு பழைய முறைதான், நாயும் காதும்.

கூட்டத்தில் முடிவு இன்னும் எடுக்கவில்லை. அடுத்த போகத்துக்கு முன்னால் எடுப்பம் எண்டு தள்ளி வைத்திருக்கிறார்கள். காசு சேருமோ தெரியாது. ஆனால் பரல் மட்டும் இப்பவே வைத்தாயிற்று. கமரா இல்லாமல் அது எதற்கு எண்டு கேட்டதற்குப் பெரியப்பா சொன்னார், "ரோச் வெளிச்சம் அதில பட்டுத் தெரியுதா எண்டு பாப்பம் மகள். அதுவும் தெரியாட்டி நாங்க இறங்கப்படாது."